ஊருக்குக் கொண்டுபோகும் மடிக்கணினி: கரண்ட் நின்றதும் படம் திக்கினால்

நல்லூர்த் தேர் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை, உறவினர் வீட்டு விறாந்தையில் இருந்து காணொளிகளை வெட்டித் தொகுத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மின்விசிறி சுற்றி ஓய்வதற்குள், அதுவரை வழுக்கிக்கொண்டு ஓடிய படம் விக்கி விக்கி நகரத் தொடங்கியது. பற்றரியில் 92 வீதம் இருந்தும் இப்படியென்றால் கணினி பழுதாகிவிட்டது என்றே எண்ணினேன். உண்மையில் அது பழுதல்ல. தனிக் கிராபிக்ஸ் அட்டை (திரைப் படங்களைக் கணிப்பதற்கென்றே உள்ள சிப்) பூட்டிய மடிக்கணினிகள் பெரும்பாலும் சுவர் மின்சாரத்தை விட்டு விலகியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன.

காரணம் எளிய கணக்குத்தான். வலுவான அட்டை ஒன்று தனக்கு மட்டுமே 100 வாட்டுக்கு மேல் கேட்கும். அதனால்தான் அத்தகைய கணினிகளோடு 180 முதல் 330 வாட் வரையான, செங்கல் போன்ற சார்ஜர்கள் வருகின்றன. விமானத்தில் தனி அனுமதி பெறாமல் எடுத்துச்செல்லக்கூடிய பற்றரியின் எல்லையோ 100 வாட்-மணி. ஆகவே அட்டையை முழு வேகத்தில் ஓடவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது என்பதோடு, அவ்வளவு மின்சாரத்தை ஒரேயடியாகக் கொடுக்கப் பற்றரியாலும் இயலாது. எந்தச் செற்றிங்ஸை மாற்றினாலும் சுவரில் செருகியபோது கிடைத்த வேகம் முழுவதும் திரும்பாது. ஆனால் வீணாக இழக்கும் பங்கை மீட்கலாம்.

விண்டோஸ் 11 இல் செற்றிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பற்றரி என்று சென்று, பவர் மோடைப் பெஸ்ட் பெர்போமன்ஸ் என்று வையுங்கள். அதே பக்கத்தில் உள்ள எனர்ஜி சேவர், பற்றரி குறைந்ததும் தானாக விழித்துக்கொள்ளும் என்பதால் அதையும் கவனியுங்கள். பின்னர் டிஸ்பிளே பகுதியின் கிராபிக்ஸ் பக்கத்தில், நீங்கள் பயன்படுத்தும் செயலியைத் தேர்ந்து ஹை பெர்போமன்ஸ் என்று குறித்தால், அது பிராசசரோடு இணைந்த சிறிய கிராபிக்ஸில் ஓடாமல் தனி அட்டைக்கு மாறும். என்விடியா அட்டை என்றால் பற்றரி பூஸ்ட் என்ற வசதி விளையாட்டுகளின் பிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் காட்டப்படும் என்பதை, கட்டிவைத்திருக்கும், தேவைப்பட்டால் நிறுத்திவிடலாம். ஆப்பிள் சிலிக்கன் (ஆப்பிளின் சொந்தச் சிப்) உள்ள மக்புக் வைத்திருப்போருக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. லோ பவர் மோட் அணைந்திருந்தால் போதும்.

சுவரில் செருகியிருந்தும் வேகம் வராவிட்டால் பிளக்கைப் பாருங்கள். இலங்கையில் 230 வோல்ட், கனடாவில் 120. சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் மின்மாற்றி எதுவும் தேவையில்லை, பிளக் மாற்றி மட்டும் போதும். பழைய வீடுகளில் உருண்டை மூன்று முள் துளைகளும், புதிய வீடுகளில் பிரித்தானியச் சதுர முள் துளைகளும் இருப்பதால், லண்டனிலிருந்து வருவோருக்கும் மாற்றி ஒன்று வேண்டியிருக்கலாம். மாற்றி தளர்வாக ஆடினால் கணினி நொடிக்கு நொடி பற்றரிக்கும் சுவருக்குமாகத் தாவும். படம் திக்குவதற்கு அதுவே போதும். பெட்டியின் எடையைக் குறைக்க எண்ணிப் பெரிய சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டு 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜரோடு வருவதும் தவறு, ஏனெனில் அதில் செருகினாலும் கணினி ஏறக்குறையப் பற்றரியில் இருப்பதைப் போலவே நடந்துகொள்ளும். பவர் பாங்க்கும் அப்படித்தான். விமானத்தில் அதைக் கைப்பையில் மட்டுமே வையுங்கள்.

யாழ்ப்பாணத்து வெயிலில் மெத்தைமேல் கணினியை வைத்து வேலை செய்தால் சூட்டினாலும் வேகம் குறையும். பலகையோ சீமெந்துத் திண்ணையோ நல்லது.

காணொளி தொகுப்போருக்கு நான் சொல்லக்கூடிய சிறந்த வழி, கரண்ட் இருக்கும்போதே மூலக் காட்சிகளுக்குக் குறைந்த தெளிவுள்ள பிராக்ஸி பிரதிகளை உருவாக்கி வைப்பது. பற்றரியில் அந்தப் பிரதிகளை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, இறுதி ஏற்றுமதியை மட்டும் மின்சாரம் வந்தபின் செய்யலாம். தேர்க் காட்சிகளை மறுநாள் அப்படித்தான் முடித்தேன்.