காசிமேட்டில் பெற்றோரைப் பிடிப்பது எப்படி?

சென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். உடல்நலப் பாடத்தை வகுப்போடு நிறுத்தாமல் வீட்டுக்கும் கொண்டுபோக நினைக்கும் டீச்சர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் நேரம். என் முதல் கூட்டத்தைச் சனிக்கிழமை காலை 10.30க்கு வைத்தேன். 50 நாற்காலி போட்டோம், 6 பேர் வந்தார்கள். விடியும் முன்பே ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு தெருத்தெருவாகப் போகும் அம்மாக்கள் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்? வந்த ஆறு பேருக்கும் ஆப்பிள், பாதாம் என்று சார்ட் காட்டினேன். பின்னாலிருந்து ஒரு ஆயா, "ஆப்பிளு கிலோ இன்னா விலை விக்குது டீச்சர்?" என்று கேட்டார். சார்ட்டைச் சுருட்டிவிட்டேன்.

இப்போதெல்லாம் சாயங்காலம், தெருவிலேயே பேசுகிறேன். தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் அரை மணி நேரம் தாராளம். ஆயாக்களை விட்டுவிடாதீர்கள். அம்மா மார்க்கெட்டில் இருக்க, காலையில் பிள்ளைக்கு டீயும் பொறையும் கொடுத்து அனுப்புவது அவர்கள்தான்.

சொல்வதற்கு முன் கேளுங்கள். வியாழக்கிழமை பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரைகள் ஒருநாள் பள்ளிச் சுவருக்குப் பின்னால் கொட்டிக் கிடந்தன. பிள்ளைகளைத் திட்டாமல் வீடுகளில் விசாரித்தேன். "சூடு டீச்சர், கருப்பா போவுது, வயித்தப் பொரட்டுது." மலம் கருப்பாகப் போவதும் வயிற்றைப் பிரட்டுவதும் உண்மைதான். அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியே போவதால்தான் அந்தக் கருப்பு, பயப்பட ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் போட்டால் பிரட்டும். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். டீ இரும்பைச் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். ஆப்பிளுக்குப் பதில் முருங்கைக்கீரையும் நெத்திலியும் சொல்லுங்கள். மீனோடு சேர்த்துச் சாப்பிட்டால் கீரையிலிருக்கும் இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும். நெத்திலியை எனக்குச் சமைக்கத் தெரியாது என்றதும் நாலு பேர் சொல்லிக்கொடுக்க வந்தார்கள். கூட்டம் அன்றைக்குத்தான் கூட்டமாக இருந்தது.

நான் செய்த ஒரு தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். ரத்தப் பரிசோதனை முடிவை எல்லார் முன்னாலும் வாசித்தேன். ஒரு பெண் இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை. பரிசோதனையில் வந்த அளவைச் சீட்டில் எழுதி மடித்து, அம்மா கையில் கொடுங்கள். மாதவிடாய் பற்றிய பேச்சு என்றால் அம்மாக்களிடம் முதலில் கேட்டுக்கொண்டு, தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸைக் கூட்டிவந்தால் நல்லது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டவர், நம்மைவிட அவரைத்தான் நம்புவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவைச் சும்மா கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கழிவறையில் தண்ணீரும் சோப்பும் இல்லாமல் கை கழுவும் பாடம் எடுத்தால் பிள்ளைகளே சிரிப்பார்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள்.

அப்பாக்களைப் பிடிப்பதுதான் கஷ்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஜூனில் பள்ளி திறந்ததும் கிடைக்கும் அந்தச் சில நாளை விட்டால், பிறகு கடலுக்குப் போய்விடுவார்கள். காசு இல்லாத நேரம், எதையும் வாங்கச் சொல்லாதீர்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: மாவா என்கிற புகையிலைப் பாக்கை வாங்கிவர மகனைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புகையிலை விற்பதே குற்றம் என்பதையும் சொல்லிவிடுவேன். வலை பின்னிக்கொண்டே கேட்பார்கள், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கை நின்றால்தான் எனக்குப் படபடப்பு, ஏதோ கேள்வி வரப்போகிறது என்று அர்த்தம்.