சண்டைக் காலத்தில் ரயில்வே டீசலைக் காப்பது எப்படி?

வண்டியெல்லாம் கரண்டில் ஓடும்போது டீசலுக்கு எதற்கு இத்தனை காவல் என்று சேலம் ஜங்ஷனில் நின்று கேட்பவர்கள் உண்டு. 2022 ஏப்ரலில் உக்ரைனில் ரயில் பாதைக்கு மின்சாரம் தரும் துணைமின் நிலையங்களை ரஷ்ய ஏவுகணைகள் தாக்கியபோது, வண்டியை இழுக்க டீசல் இன்ஜின்களைத்தான் கொண்டுவந்தார்கள்.

முதலில் இருப்பைப் பிரித்து வையுங்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் பர்மா ஆயில் டேங்குகளைச் சுட்டுக் கொளுத்தியது, எல்லாம் கடலோரத்தில் கண்ணுக்கு முன்னால் நின்றதால்தான் அது அத்தனை சுலபமாக முடிந்தது. நமக்குக் கடல் இல்லைதான், ஆனால் வானத்திலிருந்து பார்க்கிறவனுக்கு நம் ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலமும் துறைமுகமும் ஒன்றே, அதனால் கொஞ்சம் ஜங்ஷனில், கொஞ்சம் ஓமலூரில், கொஞ்சம் ஆத்தூரில் என்று வைப்பது நல்லது. நிரம்பிய டேங்க் வேகனை யார்டில் நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள், வந்த அன்றே இறக்கிவிடுங்கள்.

டேங்கைச் சுற்றி எழுப்பும் சுவர், உள்ளே இருப்பதிலேயே பெரிய டேங்க் உடைந்து மொத்தமும் கொட்டினாலும் தாங்க வேண்டும். மழைநீர் வடிக்கும் வால்வைத் திறந்து போட்டுவிட்டால் சுவர் கட்டியதே வீண். தீப்பிடித்தால் நுரையும் மணலும்தான், தண்ணீரைப் பீய்ச்சினால் டீசல் அதன்மேல் மிதந்து தீயையும் கூட்டிக்கொண்டு ஓடும்.

ஆனால் குண்டு விழும் நாளைவிட விழாத நாள்தானே அதிகம், அந்த நாட்களில் இருப்பைத் தின்பது திருட்டும் தண்ணீரும். நான் ஒரு டிப்போவில் கணக்கு எழுதியபோது சித்திரை வெயிலில் இறக்கிய 20,000 லிட்டரில், நாலு நாள் மழைக்கு அப்புறம் 160 லிட்டர் குறைந்தது. எல்லாரும் வாட்ச்மேனைத்தான் முறைத்தோம், பாவம். டீசல் 10 டிகிரி குளிர்ந்தாலே அந்த அளவு சுருங்கிவிடும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதே கணக்கு நிஜத் திருடனுக்கும் மறைவிடம் ஆகும் என்பதால் தினமும் விடியற்காலையில் ஒரே நேரத்தில் அளந்து, வெப்பநிலையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அளவுகோலைத் துணியால் துடைத்து, நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவி, செங்குத்தாக இறக்கி, தரை தட்டியதும் எடுத்து, ஈரக்கோடு மேலே ஏறுவதற்குள் படித்துவிடுங்கள். பசை நிறம் மாறினால் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அதை வடித்துவிட்டுத்தான் இன்ஜினுக்கு ஊற்ற வேண்டும்.

இருப்பு எவ்வளவு என்பதை வாசல் கரும்பலகையில் எழுதும் பழக்கம் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள், டீக்கடையிலும் அந்தப் பேச்சு வேண்டாம்.