தோற்ற வேட்பாளர் தேர்தல் மனு போடும்போது கவனிக்க வேண்டியவை

2021-இல் காட்பாடித் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 746 ஓட்டு. இவ்வளவு நெருக்கத்தில் தோற்றால், முதல் வேலை எண்ணும் மேஜையிலேயே இருக்கிறது. மறுஎண்ணிக்கையைக் காரணத்தோடு எழுதிக் கேளுங்கள். தேர்தல் அதிகாரி படிவம் 20 எனும் முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

பூத் ஏஜென்டுகளிடம் உள்ள 17சி (பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்குப் படிவம்) நகல்களை அன்றே வாங்கி, இயந்திரம் காட்டிய எண்ணிக்கையோடு பூத் வாரியாக ஒப்பிடுங்கள். 'பல பூத்களில் முறைகேடு' என்று எழுதினால் மனு நிற்காது. எந்த பூத், எத்தனை ஓட்டு என்பது வேண்டும். அந்தக் கணக்கு வித்தியாசத்தைத் தாண்டவும் வேண்டும். 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. செல்லாதென ஒதுக்கிய தபால் ஓட்டு 203. 2019-இல் உயர் நீதிமன்றம் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. வென்றவரே பணம் கொடுத்தது நிரூபணமானால் மட்டும் இந்தக் கணக்கு தேவையில்லை. அங்கே யார், யாருக்கு, எந்தத் தேதி, எந்தத் தெரு என்பதோடு படிவம் 25 பிரமாணப் பத்திரமும் வேண்டும்.

சட்டமன்றத் தேர்தல் என்றால் மனு சென்னை உயர் நீதிமன்றத்தில். முடிவு அறிவித்ததிலிருந்து 45 நாள். தாமதத்துக்கு மன்னிப்பே கிடையாது. வக்கீலை மட்டும் அனுப்பாதீர்கள், காட்பாடியில் ரயில் ஏறி நீங்களே போய்த் தாக்கல் செய்யுங்கள். எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல், ஒவ்வொன்றிலும் 'உண்மை நகல்' என்று உங்கள் கையெழுத்து, டெபாசிட் 2,000 ரூபாய். உங்களையே வென்றவராக அறிவிக்கக் கேட்டால், களத்தில் நின்ற சுயேச்சைகள் உட்பட எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். பல மனுக்கள் சாவது இங்கேதான்.

சேர்க்க வேண்டியவர் விடுபட்டு மனு தள்ளுபடியானால், நீதிபதி சாய்ந்துவிட்டார் என்று பேசுவது அநியாயம். தள்ளியே ஆக வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு. நீதிபதியை வழக்கிலிருந்து விலகக் கேட்க அவருடைய சாதியோ சொந்த ஊரோ காரணம் ஆகாது. எதிராளிக்கு உறவினர், முன்பு அவருக்கு வக்கீலாக இருந்தவர் என்பது போன்ற, நியாயமான எவருக்கும் ஐயம் எழுப்பும் தொடர்பு வேண்டும். தெரிந்த அன்றே பிரமாணப் பத்திரத்தோடு விலகக் கேளுங்கள். விலகுவது அவர் முடிவு; விலகினால் தலைமை நீதிபதி வேறொருவருக்கு ஒதுக்குவார். தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்து, பாதகமானபின் கேட்டால் எடுபடாது; 1957-இலேயே மாணக்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

தீர்ப்புக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போக 30 நாள். தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு விண்ணப்பம் போடுங்கள்.