பாலைவனத்துக்குள் ஒரு பையனை அனுப்பும் முன்

மிகைபுனைவுக் கதையில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் பாலைவன ஊருக்குள் நுழைகிறான் என்றாலே, எழுதுகிறவர் கை வாள், மணற்புயல், தீர்க்கதரிசனம் என்று ஓடும். என் முதல் வரைவும் அப்படித்தான் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

காபிக் கோப்பையிலிருந்து ஆரம்பியுங்கள். ஓமானுக்கு வேலைக்குப் போன புதிதில் ஒரு வீட்டில் கஹ்வா கொடுத்தார்கள். கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பை, அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். குடித்துவிட்டு நீட்டினேன். மறுபடி ஊற்றினார்கள். மரியாதைக்காகக் குடித்தேன், மறுபடியும் ஊற்றினார்கள். ஆறாவது தடவைதான் கவனித்தேன்: பக்கத்தில் இருந்தவர் காலிக் கோப்பையை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிவிட்டு நீட்டினார், ஊற்றுகிறவர் வாங்கி வைத்துக்கொண்டார். போதும் என்பதற்கு அதுதான் சைகை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. உங்கள் பையனும் இப்படியே கற்றுக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் விளக்க ஒரு தாத்தாவைக் கொண்டுவந்து உட்கார வைக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். அரிது, அரிது என்று புலம்ப வேண்டாம், எப்படிப் பங்கு வைக்கிறார்கள் என்று காட்டுங்கள். ஓமானில் ஃபலஜ் என்ற வாய்க்கால்கள் உண்டு. அவற்றில் ஐந்தை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே பங்கு என்பது குடக் கணக்கு இல்லை, நேரக் கணக்கு. அதற்கான அளவுக்கு அதர் என்று பெயர்; ஒரு அதர் என்றால் ஏறக்குறைய அரை மணி நேரம். பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து முறை மாற்றுவது பழைய வழக்கம். நம் ஊர் முறைப்பாசனச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் எவ்வளவு கதை இருக்கிறது என்று புரியும். அந்த வானத்தையே அறியாத பையனை ராத்திரி மடைக்குக் காவல் வையுங்கள். நட்சத்திரத்தை மாற்றிப் பார்த்து அவன் முன்கூட்டியே மடையை அடைத்துவிட்டால், யாரோ ஒருவரின் பேரீச்சைக்குத் தண்ணீர் இல்லை. அரக்கனே வேண்டாம்.

அப்புறம், எல்லாம் மணல் என்று எழுதாதீர்கள். சஹாராவிலேயே மணற்பரப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் பெரும்பாலும் கல், சரளை, பாறை. செருப்பு அறுந்து போகட்டும்.

யார் அவனைத் திருத்துவது? பெரியவர்கள் விருந்தாளியிடம் குறை சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. நான் இடது கையால் பேரீச்சம்பழம் எடுக்கப் போனபோது வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவருடைய பேரன், ஏழு வயது இருக்கும், பட்டென்று என் கையில் ஒரு அடி வைத்தான்.