தொட்டுப் பார்த்துப் படிக்கலாம்: இடுப்பு முதல் கணுக்கால் வரை

ராயபுரத்தில் என் பிசியோதெரபி அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது இதுதான்: "நரம்பு இழுக்குது சார்." அவர்கள் விரல் காட்டும் இடத்தில் இருப்பது பெரும்பாலும் தசை, இல்லாவிட்டால் தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண். படத்தைக் காட்டினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் கையையே அவர்கள் காலில் வைத்துக் காட்டினால் மறக்க மாட்டார்கள். முதல் வருடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கும் நான் இப்படித்தான் ஆரம்பிக்கிறேன்.

ஒரு நாற்காலி, ஒரு சுவர், ஒரு அரை டிராயர் போதும். அடிபட்டவர்களும் ஆபரேஷன் ஆனவர்களும் செய்ய வேண்டாம், படித்தால் போதும்.

முதல் படி. நாற்காலியில் உட்கார்ந்து முன்தொடையில் உள்ளங்கையை வையுங்கள். முழங்காலை மெதுவாக நீட்டுங்கள். கைக்கு அடியில் கல் மாதிரி இறுகுவது குவாட்ரிசெப்ஸ், அதாவது நான்கு தசைகளின் கூட்டு. நான்கும் சேர்ந்து முழங்கால் சில்லு வழியாகக் கீழே இறங்கி, கெண்டைக்கால் எலும்பின் முன்பக்க மேட்டில் பிடித்துக்கொள்கின்றன. வேலை, முழங்காலை நீட்டுவது. இதில் ரெக்டஸ் ஃபெமோரிஸ் என்ற ஒன்று மட்டும் இடுப்பு எலும்பிலிருந்தே கிளம்புகிறது. அதனால் தொடையைத் தூக்கவும் அது கைகொடுக்கும். தொடையைத் தூக்கும் முக்கிய ஆள் இலியோசோவாஸ். அது வயிற்றுக்குள் ஆழத்தில், முதுகெலும்பை ஒட்டிக் கிடப்பதால் தொட்டுப் பார்ப்பது கஷ்டம். விடுங்கள்.

இரண்டாம் படி. காலை மடக்கிக் குதிகாலைத் தரையில் ஊன்றுங்கள். பாதம் நகராமல், பின்னுக்கு இழுப்பது போல் அழுத்துங்கள். முழங்காலுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் கயிறு போல விறைப்பாக ஏதாவது தட்டுப்படுகிறதா? பின்தொடையில் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் என்ற மூன்று தசைகளின் நாண்கள் அவை. வெளிப்பக்கம் பைசெப்ஸ் ஃபெமோரிஸ், உள்பக்கம் மற்ற இரண்டும். முழங்காலை மடக்குவது, தொடையைப் பின்னால் தள்ளுவது, இரண்டும் இவற்றின் வேலை.

மூன்றாம் படியில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். எழுந்து நின்று, கையை முன்தொடையில் வைத்துக்கொண்டு மெதுவாக உட்காருங்கள். உட்காரும்போது எந்தத் தசை வேலை செய்கிறது என்று கேட்டால், "முழங்கால் மடங்குது, அப்போ ஹாம்ஸ்ட்ரிங்" என்று உடனே பதில் வரும். கை என்ன சொல்கிறது? குவாட்ரிசெப்ஸ்தான் இறுகியிருக்கிறது! கீழே இழுப்பது நம் உடல் எடை. முன்தொடை நீண்டுகொண்டே அதற்கு பிரேக் போடுகிறது. வயதானவர்கள் கடைசி அரை அடியில் தொப்பென்று நாற்காலியில் விழுவார்களே, அந்த பிரேக் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி எழும்போது பிட்டத்தில் கை வைத்துப் பாருங்கள். அங்கே இறுகுவது குளூட்டியஸ் மேக்சிமஸ். வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் எஸ்கலேட்டரை விட்டுவிட்டுப் படியில் ஏறினால், உடம்பை மேலே தள்ளுவதில் பெரும்பங்கு இதற்கும் முன்தொடைக்கும்தான்.

நான்காம் படி. நின்றுகொண்டு, வலது இடுப்பின் பக்கவாட்டில், இடுப்பு எலும்பின் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல்களை வையுங்கள். இடது காலைத் தூக்குங்கள். தூக்கியது இடது கால், இறுகியது வலது இடுப்பு. அதுதான் குளூட்டியஸ் மீடியஸ். இடது பக்கம் சரியாமல் இடுப்பைப் பிடித்து நிறுத்துகிறது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் இது நடக்கிறது. தண்ணீர் லாரியிலிருந்து இடது கையில் ஒரு குடம் தூக்கி வருகிறவருக்கு வலது இடுப்பில் இந்தத் தசைக்கு வேலை இன்னும் கூடும். வலது இடுப்பு வலிக்கிறவர் கைத்தடியை இடது கையில் பிடிக்க வேண்டும் என்பதும் இதனால்தான்: தடி இடது பக்கத்தைத் தாங்கினால் வலது இடுப்பில் இந்தத் தசைக்கு வேலை குறையும். இதை நம்ப வைக்க எனக்குத் தினமும் பத்து நிமிடம் போகிறது.

உள்தொடைக்கு, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே முஷ்டியை வைத்து நெருக்குங்கள். இறுகுவது அட்டக்டர் தசைகள். வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பையன்கள் உள்பாதத்தால் பாஸ் போடும்போதும் திடீரென்று திரும்பும்போதும் இவைதான் இழுத்துக்கொள்ளும். கூடவே ஒன்று: சம்மணம் போட உதவும் சார்டோரியஸ், உடலிலேயே நீளமான தசை. லத்தீனில் சார்டர் என்றால் தையல்காரர். சம்மணமிட்டுத் தைத்த காலத்துப் பெயர். எம்.சி. ரோட்டுப் பக்கம் டெய்லர்கள் எல்லாம் இப்போது மெஷின் முன்னால் ஸ்டூலில்தான்.

இனி முழங்காலுக்குக் கீழே. பாதத்தை மேலே தூக்கினால், முன்னெலும்புக்கு வெளிப்பக்கம் இறுகுவது டிபியாலிஸ் ஆன்டீரியர். பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினால், காலின் வெளி ஓரத்தில் பெரோனியஸ் தசைகள் அசையும்.

கடைசியாக ஆடுசதை. கெண்டை என்றும் சொல்கிறோம். மீன் போல நடுவில் தடித்து இரண்டு பக்கமும் ஒடுங்கியிருக்கும். (காசிமேட்டுக் கடல் மீனில் கெண்டை தேடாதீர்கள், அது நன்னீர் மீன்.) சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை நேராக வைத்து, குதிகாலைத் தூக்குங்கள். இரண்டு பிரிவாகப் புடைப்பது காஸ்ட்ரோக்னீமியஸ். முழங்காலைக் கொஞ்சம் மடக்கித் தூக்கினால் அது தொய்ந்துவிடும். அடியில் இருக்கும் சோலியஸ் மேல் பாரம் போகும். காரணம், முன்னது முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் தொடங்குகிறது, பின்னது கீழே. இரண்டும் சேர்ந்து அக்கிலிஸ் நாணாகக் குதிகாலில் முடிகின்றன.

இது தெரிந்தால் ராத்திரி கெண்டை பிடித்துக்கொள்ளும்போது உபயோகப்படும். முழங்காலை மடக்கிக்கொண்டு சதையைப் பிசைவதுதான் எல்லோர் வழக்கம். முதலில் முழங்காலை நீட்டுங்கள், அப்புறம் பாதத்தை உங்கள் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். அப்போதுதான் காஸ்ட்ரோக்னீமியஸ் இரண்டு முனையிலும் நீளும்.