முன்பள்ளிக்கு ஆகும் செலவும் பயனும்: இளங்கலை ஆய்வுத்திட்டம் செய்யும் முறை

பொருளியலையும் மழலையர் கல்வியையும் சேர்த்துப் படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டு ஆய்வுக்கு முதலில் எழுதிக்கொண்டு வரும் தலைப்பு பெரும்பாலும் 'முன்பள்ளியால் சமூகத்துக்கு லாபமா?' என்பதுதான். ஓர் ஆள் ஓர் ஆண்டில் விடை காணக்கூடிய கேள்வி அல்ல அது. இன்று நான்கு வயதாகும் குழந்தை சம்பாதிக்கத் தொடங்க இன்னும் இருபது வருடம் ஆகும்.

முடிக்கக்கூடிய கேள்வி இப்படி இருக்கும்: 'நான்கு வயதுக் குழந்தைகள் வகுப்பில் ஓர் உதவி ஆசிரியரைக் கூடுதலாக வைத்தால் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவு கூடும்? மொழி வளர்ச்சியில் எவ்வளவு முன்னேற்றம் வந்தால் அந்தச் செலவு ஈடாகும்?' வயது, மாற்றம், செலவின் அலகு, அளக்கும் திறன் ஆகிய நான்கும் இதில் இருக்கின்றன. ஒன்று குறைந்தாலும் தலைப்பைத் திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலை.

செலவைக் கணக்கிடுதல்

இரண்டு துறையும் தெரிந்தவருக்கு உண்மையான அனுகூலம் இங்கேதான். பொருளியல் மட்டும் படித்தவர் பள்ளியின் வரவுசெலவுப் புத்தகத்தை வாங்கி, மொத்தத்தைக் குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவார். வகுப்பறையில் பயிற்சிக்கு இருந்தவருக்கு அந்தப் புத்தகத்தில் ஏறாத செலவுகள் தெரியும்.

கல்விப் பொருளியலாளர் ஹென்றி லெவின் வகுத்த 'உட்கூறு முறை'யைப் பின்பற்றுங்கள். ஆட்கள், இடம், பொருட்கள், பிற செலவுகள், பெற்றோர் கொடுக்கும் நேரமும் பணமும் என ஐந்து தலைப்பில் விரிதாளைத் திறந்து, முதலில் அளவுகளை மட்டும் நிரப்புங்கள். விலையைப் பிறகு போடலாம். நன்கொடையாக வந்த பொம்மைக்கும், சம்பளம் வாங்காமல் வந்து உதவும் பாட்டியின் நேரத்துக்கும் மதிப்புப் போட வேண்டும். யாரும் பணம் கொடுக்கவில்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகாது. வாய்ப்புச் செலவு (ஒன்றுக்குக் கொடுத்ததால் வேறொன்றுக்குக் கிடைக்காமல் போவதன் மதிப்பு) என்று முதலாண்டில் படித்தது இதைத்தான்.

ஆட்களின் நேரத்தில் தவறு அதிகம் நேரும். நாளுக்கு 4 மணி நேர வகுப்பு, ஆண்டுக்கு 200 நாள் என்றால் 800 மணி. மறுநாளுக்கான தயாரிப்பு, குழந்தை வாரியான குறிப்பேடு, பெற்றோர் சந்திப்பு, இடத்தைச் சுத்தம் செய்வது எல்லாம் நாளுக்கு ஒன்றரை மணி என்று வைத்தால் இன்னும் 300 மணி. இதை விட்டுவிட்டால் ஆசிரியர் நேரத்தில் 27 விழுக்காடு காணாமல் போகிறது. ஒரு வாரம் ஆசிரியருக்கு நேரக்குறிப்புத் தாள் கொடுத்து, அரை மணிக்கு ஒரு கட்டம் என நிரப்பச் சொல்லுங்கள். வார இறுதியில் நினைவிலிருந்து கேட்டால் தயாரிப்பு நேரம் குறைவாகவே வரும்.

கட்டடச் செலவை ஆயுட்காலத்தால் வகுப்பது அடுத்த தவறு. 10 லட்சம் செலவில் கட்டிய அறை 30 ஆண்டு நிற்கும் என்றால் ஆண்டுக்கு 33,333 என்று போடுவார்கள். அந்தப் பணம் வேறெங்காவது ஈட்டியிருக்கக்கூடிய வட்டி இதில் இல்லை. 5 விழுக்காடு வட்டியில் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 65,050, கிட்டத்தட்ட இரு மடங்கு. விரிதாளில் 'பிஎம்டி' (PMT) சார்பு இதைப் போட்டுத் தரும்.

கடைசியாக, எதால் வகுப்பது? பதிவேட்டில் 20 பேர் இருந்து சராசரியாக 16 பேர் வந்தால், வருகைப்படி ஒரு குழந்தைக்கான செலவு பதிவுப்படி உள்ளதைவிட 25 விழுக்காடு அதிகம். இரண்டையும் எழுதி, எதை எங்கே பயன்படுத்தினீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பயனை எங்கிருந்து எடுப்பது

சொந்தமாக விளைவை அளக்கப் போகிறோம் என்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 0.2 திட்டவிலக்க (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) அளவு விளைவைக் கண்டறிய, 5 விழுக்காடு முக்கியத்துவ மட்டத்திலும் (இல்லாத விளைவை உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பு) 80 விழுக்காடு திறனிலும் (இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), குழுவுக்குச் சுமார் 392 குழந்தைகள் தேவை. 0.5 என்ற பெரிய விளைவுக்கே 63 பேர். அதுவும் குழந்தைகளை ஒவ்வொருவராகக் குலுக்கிப் பிரித்தால்தான். வகுப்பு வகுப்பாகப் பிரித்தால், ஒரே ஆசிரியரிடம் இருப்பவர்கள் ஒன்றுபோல வளர்வதால், எண்ணிக்கை பெருகும். வகுப்புக்கு 20 பேர், உள்வகுப்புத் தொடர்பு (ஒரே வகுப்பினர் ஒன்றுபோல இருக்கும் அளவு) 0.15 என்றால் பெருக்கம் 1 + 19 × 0.15 = 3.85. ஆக 63 பேர் 243 ஆகி, குழுவுக்குப் பதின்மூன்று வகுப்பு வேண்டும். இரண்டு வகுப்பை ஒப்பிட்டு முடிவு சொல்லும் ஆய்வு உண்மையில் இரண்டு ஆசிரியர்களைத்தான் ஒப்பிடுகிறது.

எனவே வெளியான ஆய்வுகளின் விளைவு அளவைக் கடன் வாங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். கடன் வாங்குவதிலும் பொறுப்பு உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் 1962-இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளித் திட்டத்தைக் காட்டாதவர் இல்லை. அதில் இருந்தது மொத்தம் 123 குழந்தைகள்: 58 பேர் திட்டத்தில், 65 பேர் ஒப்பீட்டுக் குழுவில். தினமும் இரண்டரை மணி நேர வகுப்போடு வாரம் ஒருமுறை வீட்டுக்கும் ஆசிரியர் போனார். 2010-இல் பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மனும் சகாக்களும் கணக்கிட்ட சமூக ஈட்டு விகிதம் (போட்ட பணத்துக்குச் சமூகம் முழுதும் பெறும் லாபம்) ஆண்டுக்கு 7 முதல் 10 விழுக்காடு. குற்றங்கள் குறைந்ததால் மிஞ்சிய பணம் அதில் பெரும்பங்கு. வீட்டுக்குப் போகாத, நாற்பது பேர் அடைந்திருக்கும் வகுப்புக்கு இந்த எண்ணை ஒட்டவைத்தால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.

மறுபக்கத்தையும் வையுங்கள். கனடாவின் கியூபெக் மாகாணம் 1997 முதல் படிப்படியாக நாளுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் குழந்தைக் காப்பகத்தை எல்லோருக்கும் திறந்தது. தாய்மார் வேலைக்குப் போவது கூடியது; பொருளியலாளர்கள் பேக்கர், குரூபர், மில்லிகன் மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளின் நடத்தை சில அளவுகளில் மோசமானது தெரிந்தது. பயன் யாருக்குப் போகிறது என்று தனித்தனி நெடுவரிசையில் பிரித்து எழுதினால்தான் இது கண்ணில் படும்.

ஒப்பீட்டுக் குழு என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் முக்கியம். ஏழைக் குழந்தைகளுக்கான அமெரிக்க அரசுத் திட்டமான ஹெட் ஸ்டார்ட்டின் சோதனையில் ஒப்பீட்டுக் குழுவில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் வேறு முன்பள்ளிகளுக்குப் போனார்கள். அங்கே அளந்தது 'முன்பள்ளி எதிர் வீடு' என்ற வித்தியாசத்தை முழுமையாக அல்ல.

காலத்துக்குக் கழித்தல்

இருபது ஆண்டு கழித்து வரும் 1,000-இன் இன்றைய மதிப்பு 3 விழுக்காடு கழிவு வீதத்தில் (பின்னால் வரும் பணத்தை ஆண்டுதோறும் குறைத்து மதிப்பிடும் வீதம்) 554; 7 விழுக்காட்டில் 258. முன்பள்ளியின் பயன் பெரும்பாலும் தொலைவில் இருப்பதால் முடிவையே இந்த ஓர் எண் புரட்டிவிடும். 3, 5, 7 மூன்றுக்கும் அட்டவணை போடுங்கள். பணவீக்கத்தை நீக்கிய தொகைகளுக்குப் பணவீக்கம் நீக்கிய வீதத்தையே பயன்படுத்த வேண்டும்.

விரிதாளின் 'என்பிவி' (NPV, நிகர இன்றைய மதிப்பு) சார்பு முதல் எண்ணையும் ஓர் ஆண்டு கழித்தே கணக்கிடும். தொடக்கச் செலவை அடைப்புக்குள் போட்டால் 5 விழுக்காட்டில் விடை முழுதும் கிட்டத்தட்ட 5 விழுக்காடு சுருங்கும். கூட்டல் கழித்தல் குறி மாறாததால் யாரும் கவனிப்பதில்லை. தொடக்க ஆண்டை வெளியே வைத்துக் கூட்டுங்கள்.

ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்கும் உதவித்தொகையைச் சமூகச் செலவில் சேர்க்காதீர்கள். ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் பணம் அது. அரசின் கணக்கில் மட்டும் செலவு. தாயின் கூடுதல் சம்பளத்தை முழுதாகப் பயனில் போட்டுவிட்டு, அவர் கட்டும் வரியையும் தனியே சேர்ப்பது இரட்டை எண்ணிக்கை.

குழந்தைகளிடம் போகும்போது

சிறிய அளவில் தரவு திரட்டுவதாக இருந்தால் நெறிமுறைக் குழுவுக்கு முதல் பருவத்திலேயே விண்ணப்பியுங்கள். பெற்றோர் கையெழுத்து போதாது. நான்கு வயதுக் குழந்தை 'வேண்டாம்' என்று சொல்லாமல் முகத்தைத் திருப்பும், ஆசிரியரின் பின்னால் ஒளியும். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

ஒரு சோதனை 15, 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் சற்று முன்னால் வைத்தால் நீங்கள் அளப்பது களைப்பைத்தான். வயதை மாதத்தில் குறியுங்கள். 'நான்கு வயது' என்ற ஒரே வகுப்பில் 48 மாதக் குழந்தையும் 59 மாதக் குழந்தையும் இருக்கும். இந்த இடைவெளி பல திட்டங்களின் விளைவைவிடப் பெரியது. விளைவைக் கணக்கிடும் சமன்பாட்டில் இதைச் சேர்க்காமல் விட்டால், பிறந்த மாதத்தின் பலனை உதவி ஆசிரியரின் பெயரில் எழுதிவிடுவீர்கள்.