பொய் வழி சொல்லும் நோட்: பிளக்ஹோல் தாக்குதலைச் சிமியுலேட் செய்வது

கொக்குவில் ஒழுங்கைக்குள் புதிதாக வருகிறவர் ஒரு வீட்டை விசாரித்தால், இடம் தெரிந்தவர் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். இடம் தெரியாதவன் ஒருவன் "வாங்கோ, நான் காட்டுறன்" என்று முந்திக்கொண்டால் வந்தவர் அவனுக்குப் பின்னால் போய்விடுவார். மொபைல் அட்ஹொக் நெற்வேர்க்கில், அதாவது நடமாடும் கருவிகள் (நோட்கள்) நடுவில் கோபுரம் இல்லாமல் ஒன்றுக்கொன்று தகவல் கடத்தும் வலையில், பிளக்ஹோல் செய்வதும் இதைத்தான்: பொய் வழி சொல்லித் தன்னிடம் வரும் பக்கற்றுகளை, அதாவது தகவல் பொதிகளை, விழுங்கிவிடும்.

2003இல் ஆர்எஃப்சி 3561 என்ற இணைய ஆவணமாக வந்த ஏஓடிவி இப்படியான வலையில் வழி கண்டுபிடிக்கும் விதிமுறை. அதில், வழி தெரியாத நோட் அக்கம்பக்கம் முழுக்கக் கேட்கும். வரும் பதில்களில் சீக்குவென்ஸ் நம்பர் (வழி எவ்வளவு புதியது என்று காட்டும் எண்) பெரியதை நம்பும். நம்பர் சமமென்றால் தாவல், அதாவது நோட்டிலிருந்து நோட்டுக்குப் போகும் படி, குறைந்ததை எடுக்கும். பதில் சொல்வது யார் என்று பார்ப்பதில்லை.

இதைச் செய்து பார்க்க என்எஸ்-3 என்ற நெற்வேர்க் சிமியுலேற்றர் போதும், வீட்டு மடிக்கணினியிலேயே ஓடும். முதலில் தாக்குதல் இல்லாத நெற்வேர்க்கைச் சரியாக ஓட்டுங்கள். நான் 500 மீற்றர் சதுரத்தில் 40 நோட்களை விட்டேன். வேகம் செக்கனுக்கு 1 முதல் 2 மீற்றர், நல்லூர்த் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களின் வேகம். நோட்கள் ஏதோ ஒரு இடத்தைத் தெரிந்து அங்கே போகும் ரண்டம் வேபொயின்ற் மாதிரியில் குறைந்தபட்ச வேகத்தை 0 ஆக்கவேண்டாம். நேரம் போகப்போகச் சராசரி வேகம் விழுந்துகொண்டே இருக்கும். ரேடியோ எல்லையை 120 மீற்றராகக் கட்டுங்கள். எல்லாரும் எல்லாருக்கும் நேரே கேட்டால் பொய் வழிக்கு என்ன வேலை?

அப்புறம் என்எஸ்-3இல் இருக்கும் ஏஓடிவி கோட். முழு கிளாஸையும் கெடுத்தால் 40 நோட்டும் கள்ளனாகிவிடும். ஆகவே ஒரு பூலியன் அட்ரிபியூட் (ஆம்/இல்லை அமைப்பு) சேர்த்து, ஒரு நோட்டில் மட்டும் அதை ட்ரூ ஆக்குங்கள். கோரிக்கையைப் பெறும் ஃபங்ஷனில், கேட்டவருக்கான திரும்பு வழி பதிவான பிறகு, கோரிக்கையை மேலே அனுப்பாமல் பதிலைக் கையால் கட்டி அனுப்ப வேண்டும்: தாவல் 1, சீக்குவென்ஸ் நம்பர் பெரியதாக. இடைநோட் பதிலுக்கென்று இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடாதீர்கள். அதற்கு இலக்குக்கான வழி அட்டவணையில் உண்மையாகவே இருக்கவேண்டும்.

எவ்வளவு பெரியது? இங்கேதான் எனக்கு இரண்டு இரவு போனது. 32 பிட்டின் உச்சம் 4294967295ஐப் போட்டேன். தாக்குதல் கொஞ்சம் பிடித்துவிட்டு விட்டுவிடும். கரண்ட் போனதா, கோட் பிழையா, ஒன்றும் விளங்கவில்லை. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு "படுக்கேல்லையா" என்று கேட்டபோதுதான், கழித்தல் வரியில் கண் நின்றது. ஏஓடிவி இரண்டு நம்பர்களையும் கழித்து, குறியுள்ள 32 பிட் எண்ணாகப் பார்க்கிறது. அந்தக் கணக்கில் என் உச்சம் வெறும் -1. உண்மையான இலக்கு 4 என்று பதில் சொன்னதும் அதுதான் புதிது! கோரிக்கையில் இருக்கும் நம்பரோடு 100 கூட்டுங்கள், சரியாகிவிடும். நம்பர் தெரியாத கோரிக்கை என்றால் 1000 போல ஒன்றைப் போடலாம்.

பக்கற்றை விழுங்குவது சுலபம்: அடுத்தவருக்குக் கடத்தும் ஃபோர்வர்டிங் ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே, கள்ள நோட்டில் மட்டும், ட்ரூ என்று திரும்பிவிடுங்கள். அந்த வரியைக் கீழே வைத்தால் வழி இல்லை என்ற பிழைச் செய்தியை அந்த நோட் தானே ஊருக்கு அறிவித்துவிடும். கள்ளன் மணி அடித்துக்கொண்டு போன கதைதான்.

எத்தனை பக்கற் போய்ச் சேர்ந்தது என்று அளப்பதற்கு என்எஸ்-3இன் ஃபுளோமொனிற்றர். ஒரு ஓட்டத்தை நம்பாதீர்கள். குறைந்தது 10 ரன் நம்பர்கள் (ஒவ்வொன்றும் வேறு தற்செயல் எண்களைத் தரும்), அதே நம்பர்களில் தாக்குதலோடும் இல்லாமலும். இன்னொன்றையும் ஓட்டுங்கள், பலர் விட்டுவிடுவது: பொய் சொல்லாமல் பக்கற்றை மட்டும் விழுங்கும் நோட். நஷ்டத்தில் பொய்யின் பங்கு எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும்.